மோட்டார்ஹோம் டயருக்கு எவ்வளவு காற்று?

என் மோட்டார்ஹோமின் (தங்கிச் சமைக்க வசதியுள்ள வண்டி) முன்சக்கரம் குதித்தது, டயரின் நடுப்பகுதி மட்டும் தேய்ந்தது: காற்று அதிகம். டயரின் பக்கவாட்டில் அச்சிட்ட எண்ணைப் பார்த்து அடித்ததுதான் காரணம். பெரும்பாலும் அது முழுச்சுமைக்கான அளவு.

தண்ணீர், டீசல், கேஸ், சாமான், ஆட்கள் எல்லாம் ஏற்றி, எடைமேடையில் முன், பின் சக்கர அச்சுகளைத் தனித்தனியாக எடை போட்டேன். முடிந்தால் ஒவ்வொரு சக்கரத்தையும் போடுங்கள். சமையலறை உள்ள பக்கம் கனமாக இருக்கலாம். கனமான பக்கத்தின் எடைக்கு டயர் நிறுவனத்தின் சுமை அட்டவணை சொல்லும் அளவை அந்த அச்சின் இரு பக்கமும் அடிக்க வேண்டும்.

பின்னால் பக்கத்துக்கு ஒற்றைச் சக்கரமும், மோட்டார்ஹோமுக்கென்றே செய்த 'சி.பி.' வகை டயருமா? பொதுவாகக் காற்றழுத்தம் 5.5 பார் (bar), அதாவது சுமார் 80 பி.எஸ்.ஐ. இதற்குச் சாதாரண ரப்பர் வால்வு தாங்காது. அது சுமார் 4.5 பார் வரைதான். உலோக வால்வு மாட்டுங்கள்.

டயர் குளிர்ந்திருக்கும்போதே அளக்கவும். ஓடிச் சூடேறியபின் கூடும் அழுத்தத்தை இறக்கிவிடாதீர்கள்.