கல்லூரியில் யாராவது சாதித்தால் ஊரறியக் கொண்டாடுவது எப்படி?

பேராசிரியருக்கோ மாணவருக்கோ நல்ல சேதி வந்தால் நம் ராமநாதபுரம் கரையோரக் கல்லூரிகளில் ஒரு ஃப்ளெக்ஸ், ஒரு பொன்னாடை, ஒரு குரூப் போட்டோ என்று அன்றைக்கே முடிந்துவிடுகிறது. அந்தப் பிள்ளை என்னதான் செய்தது என்று பெற்ற தாய்க்கே யாரும் விளக்கிச் சொல்வதில்லை. எனக்கு இது பெரிய மனக்குறை, அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் சேதியைச் சரிபாருங்கள். காப்புரிமையில்தான் அதிகம் குழம்புகிறார்கள். விண்ணப்பம் போட்டால் வழக்கமாக 18 மாதம் கழித்து அது காப்புரிமை இதழில் வெளியாகும், அது வெறும் வெளியீடு. அப்புறம் பரிசீலனை எல்லாம் முடிந்து வழங்கினால்தான் காப்புரிமை கிடைத்தது என்று போடலாம். நெட் என்கிற தேசியத் தகுதித் தேர்விலும் அப்படித்தான், உதவிப் பேராசிரியர் தகுதி வேறு, ஆய்வு செய்ய மாத உதவித்தொகையோடு வரும் ஜேஆர்எஃப் வேறு. மாநாட்டில் கட்டுரை வாசித்ததை ஆய்விதழில் வெளியானதாகப் போடாதீர்கள், நாளைக்கு வேலைக்கு நேர்காணல் போகும்போது அந்தப் பிள்ளைதான் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

அடுத்து, செய்ததை நாலு வரியில் தமிழில் எழுதுங்கள். கட்டுரைத் தலைப்பை அப்படியே ஆங்கிலத்தில் ஒட்டினால் யாருக்குப் புரியும்? தொண்டியில் அழகப்பா பல்கலைக்கழகத்தின் கடலியல் துறை இருக்கிறது, அங்கே ஒரு மாணவி கடல்புல்லைப் பற்றி ஆய்வு செய்தார் என்று வைத்துக்கொள்வோம். "பாக் நீரிணையில் கடல்புல் எங்கே குறைகிறது என்று கண்டுபிடித்திருக்கிறார், ஆவுளியா என்கிற கடற்பசு அந்தப் புல்லைத் தின்றுதான் வாழ்கிறது" என்று எழுதினால் மீன் ஏலக்கூடத்தில் நிற்பவர்கூட நின்று வாசிப்பார், கேள்வியும் கேட்பார்.

பெயர்களை விடாதீர்கள். வழிகாட்டி, கூட எழுதியவர்கள், ஆய்வக உதவியாளர், மாதிரி எடுக்க வள்ளத்தில் கூட்டிப்போன அண்ணன், பாசி எடுக்கப் போகும்போது இடம் காட்டிய அக்கா, எல்லாரையும் அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போடுங்கள். கௌரவ விரிவுரையாளர்கள் முனைவர் பட்டம் வாங்கினால் பல இடங்களில் ஒரு அறிவிப்புகூட வருவதில்லை. குறைந்த சம்பளத்தில் பாடமும் நடத்தி, ராத்திரி உட்கார்ந்து ஆய்வேட்டையும் முடித்தவர்கள் அவர்கள். அவர்களுக்குத்தான் முதல் மாலை போட வேண்டும் என்பேன்.

போட்டோ போடலாமா என்று கேட்டுவிட்டுப் போடுங்கள், சில பிள்ளைகளுக்கும் வீடுகளுக்கும் பிடிக்காது. உதவித்தொகை எவ்வளவு என்பது போஸ்டரில் வேண்டாம்.

நாள் குறிப்பதில்தான் நம் ஊருக்கென்று ஒரு கணக்கு இருக்கிறது. விசைப்படகு கடலுக்குப் போகும் நாளும் நாட்டுப்படகு போகும் நாளும் வேறு வேறு, வெள்ளிக்கிழமை மதியம் ஜும்மா. பிள்ளையின் அப்பா எந்தப் படகில் போகிறார், எப்போது கரைக்கு வருவார் என்று விசாரித்துவிட்டு நேரம் வையுங்கள். விசைப்படகு வீடு என்றால் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம், ஆள் ஊரில் இருப்பார், ஆனால் கையில் காசு இருக்காது, அதனால் வீட்டாரைச் செலவு செய்ய விடாதீர்கள். ஓலைப்பெட்டியில் சாயல்குடிப் பக்கத்துக் கருப்பட்டி, கூடவே கொஞ்சம் கீழக்கரைத் தொதல் என்கிற இனிப்பு, இது போதும், ஷீல்டு வாங்கும் காசில் அந்தப் பிள்ளைக்குத் தேவையான புத்தகம் வாங்கிக் கொடுக்கலாம்.

மேடையில் வரவேற்புரை ஐந்து நிமிடம். சாதித்தவருக்குப் பதினைந்து. பெற்றோருக்கு முன்வரிசை. சிறப்பு விருந்தினர் வேண்டுமென்றால் மண்டபம் ஊரில் மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தின் மையம் இருக்கிறது, கொச்சிக்குப் போகும் முன்னால் அந்த நிலையத்தின் தலைமையிடமே அங்கேதான் இருந்தது. அங்கிருந்து ஒரு விஞ்ஞானி வந்து கூட்டம் முடிந்ததும் மாணவர்களோடு ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசினால், அடுத்து எங்கே விண்ணப்பிக்கலாம் என்று அவர்களுக்கே தெரிந்துவிடும்.

அந்த நாலு வரியை, தேதியும் கட்டுரை வெளியான இதழின் பெயரும் சேர்த்து, கல்லூரி இணையதளத்தில் ஏற்றுங்கள். ஒரு பிரதியை அந்தப் பிள்ளை படித்த அரசுப் பள்ளித் தலைமையாசிரியருக்கு அனுப்பி, காலை வழிபாட்டுக் கூட்டத்தில் வாசிக்கச் சொல்லுங்கள்.