மினி டிராக்டருக்கு ரோட்டவேட்டர்: நாலடி போதும், பதம்தான் முக்கியம்

பொள்ளாச்சிக்குத் தெற்கே, ஆனைமலை போகிற வழியில் எங்களுக்கு நாலரை ஏக்கர் தென்னந்தோப்பு. மூன்று ஏக்கர் செம்மண், கிழக்கோரம் ஒன்றரை ஏக்கர் கரிசல். ஏழு வருடமாக 24 எச்.பி. மினி டிராக்டரை நானே ஓட்டுகிறேன். அக்கம்பக்கத்தில் யார் மினி டிராக்டர் எடுத்தாலும் முதலில் கேட்பது, "அக்கா, எத்தனை அடி ரோட்டவேட்டர் வாங்கட்டும்?" என்றுதான். டிராக்டருக்குப் பின்னால் மாட்டி, சுழலும் பிளேடுகளால் மண்ணைக் கிளறும் கருவிதான் ரோட்டவேட்டர்; அடி என்பது அதன் அகலம். அவர்களுக்குச் சொல்வதையே இங்கே எழுதுகிறேன்.

அடி பெரிதானால் வேலை சீக்கிரம் முடியும் என்று நினைக்கத் தோன்றும். நானும் முதலில் அப்படித்தான் ஐந்தடி வாங்கினேன். "உங்க வண்டி தாராளமா இழுக்குமுங்க" என்று விற்றவர் சொன்னார். செம்மண்ணில் எப்படியோ ஓடியது. கரிசலில் இறக்கியதும் என்ஜின் திணறிக் கரும்புகை தள்ளியது. வரப்போரம் தூக்கித் திருப்பும்போது முன்சக்கரம் தரையை விட்டு எழும்பியது. ஒரு வருடத்துக்குள் நஷ்டத்துக்குத் தள்ளிவிட்டு நாலடி வாங்கினேன்.

கணக்கு எளிது. என்ஜினில் 24 எச்.பி. என்று போட்டிருந்தாலும் பின்னால் கருவிகளைச் சுழற்றும் தண்டான பி.டி.ஓ.வுக்கு வந்து சேர்வது சுமார் 20தான். ரோட்டவேட்டரின் ஒவ்வொரு அடி அகலத்துக்கும் பி.டி.ஓ.வில் ஐந்து எச்.பி. வேண்டும். கடினமான கரிசல் என்றால் ஆறு. அப்படிப் பார்த்தால் 24 எச்.பி. வண்டிக்கு நாலடியே மேல் வரம்பு. 18 எச்.பி. வண்டிக்கு மூன்றடிதான் சரி.

இன்னொரு அளவையும் பார்க்க வேண்டும். பின்டயர் இரண்டின் வெளி ஓரங்களுக்கு நடுவே டேப் பிடித்து அளந்து பாருங்கள். என் வண்டியில் 43 அங்குலம். ரோட்டவேட்டர் இரண்டு பக்கமும் இரண்டு அங்குலமாவது வெளியே நீட்டிக்கொண்டிருந்தால்தான் டயர் அழுத்திய தடத்தை அதுவே கிளறிவிட்டுப் போகும். நாலடி என்பது 48 அங்குலம், அதனால் சரியாக அமைந்தது. வண்டியின் திறனுக்கு ஏற்ற ரோட்டவேட்டர் டயரை விடக் குறுகலாக இருந்தால், ஒரு பக்கமாகத் தள்ளி மாட்டும் வசதி உள்ளதாகக் கேளுங்கள். ஒரு தடமாவது மறையும்.

சுழற்சியைப் பிளேடுகளுக்குக் கொண்டுபோகும் பக்கவாட்டு டிரைவில் செயின் உண்டு, கியர் உண்டு. செயின் விலை குறைவு, ஊர்ப் பட்டறையிலேயே சரிசெய்துவிடலாம். ஆனால் எங்கள் பக்கம் கல் அதிகம், ஆகவே நான் கியர்தான் சொல்வேன். தகடு கனமாக இருக்கிறதா என்று தட்டிப் பாருங்கள். எடை குறைந்த ரோட்டவேட்டர் காய்ந்த மண்ணில் இறங்காமல் மேலே துள்ளிக்கொண்டே வரும். வண்டியின் லிஃப்ட் எத்தனை கிலோ தூக்கும் என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். முன்பக்கத்துக்கு எடைத்தட்டு கேட்டு வாங்குங்கள்.

பிளேடில் எங்களுக்கு எல் வகையே போதும். இந்த எல் வடிவத்துக்கு நூறு வருடத்துக்கு மேலான கதை இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் ஆர்தர் கிளிஃபோர்டு ஹோவர்டு என்பவர் 1912-ல் தன் அப்பாவின் பண்ணையில் சுழல் கலப்பையைச் சோதித்துப் பார்த்தபோது மண் பக்கவாட்டில் தெறித்தது. பிளேடை எல் மாதிரி வளைத்து, சிறிய தண்டில் இடைவெளி விட்டு மாட்டிய பிறகுதான் அது அடங்கியது. இன்றும் கழற்றி மாட்டும்போது அந்தத் திருப்பத்தைத்தான் கவனிக்க வேண்டும். பிளேடு மாட்டும் ஒவ்வொரு வளையத்திலும் பாதி பிளேடு இடப்பக்கம், பாதி வலப்பக்கம் திரும்பியிருக்க வேண்டும். இரண்டு கடைசி வளையங்களில் மட்டும் எல்லாம் உள்நோக்கி. கூர் விளிம்பு சுழலும் திசைக்கு முன்னால் வர வேண்டும். புது பிளேடு மாட்டினால் ஒரு மணி நேரம் ஓட்டிவிட்டு நட்டுகளை மறுபடியும் முறுக்குங்கள். கட்டாயம் ஒன்றிரண்டு தளர்ந்திருக்கும்.

வாங்கி வந்த அன்றே பார்க்க வேண்டியது, பி.டி.ஓ.வையும் ரோட்டவேட்டரையும் இணைக்கும் ஷாஃப்டின் நீளம். கடையில் பொதுவான நீளத்தில்தான் தருவார்கள். ரோட்டவேட்டரை மாட்டி, ஷாஃப்டின் இரண்டு பாதிகளையும் தனித்தனியாகச் செருகி, பக்கம் பக்கமாகப் பிடித்தபடி லிஃப்டை மெதுவாக மேலும் கீழும் ஆட்டுங்கள். இரண்டு முனைகளும் மிக நெருங்கும் இடத்தில்கூட ஓர் அங்குலம் இடைவெளி மிச்சம் இருக்க வேண்டும். மிக விலகும் இடத்தில் ஒன்றுக்குள் ஒன்று ஒரு சாணாவது செருகி நிற்க வேண்டும். நீளம் அதிகமென்றால் உள்குழாய், வெளிக்குழாய், மேலுறை மூன்றையும் ஒரே அளவில் அறுத்து, பிசிரை அரத்தால் தேய்த்துவிடுங்கள். பக்கத்துத் தோட்டத்தில் இதைப் பார்க்காமல் மாட்டினார்கள். முதல் திருப்பத்தில் தூக்கியபோது ஷாஃப்ட் முட்டி, கியர்பாக்ஸ் மூடி விரிசல் விட்டது. இரு முனைக் கவைகளும் ஒரே நேர்கோட்டில் இருக்க வேண்டும், இல்லையென்றால் அதிர்வு நிற்காது.

சரி, இப்போது உழவு. எந்த வண்டியானாலும், எத்தனை அடியானாலும், மண்ணின் ஈரப் பதம் தவறினால் எல்லாம் வீண். நாலு விரற்கடை ஆழம் தோண்டி ஒரு பிடி மண் எடுங்கள். உள்ளங்கையில் வைத்து இறுக்கினால் உருண்டை பிடிக்க வேண்டும். அந்த உருண்டையைக் கட்டைவிரலால் லேசாக அழுத்தினால் பொலபொலவென்று உதிர வேண்டும். உதிராமல் சப்பையாகி, விரல் ரேகை பதிந்து பளபளவென்று நின்றால் டிராக்டரை எடுக்காதீர்கள். உருண்டையே பிடிக்காமல் தூளாகப் போனால் தண்ணீர் விட்டுக் காத்திருங்கள். ஒரு நல்ல மழைக்குப் பிறகு என் செம்மண் மூன்றாம் நாள் பதத்துக்கு வரும், கரிசலுக்கு ஒரு வாரம் ஆகும். ஆள் கிடைத்த நாளில் ஓட்டாமல் மண் தயாரான நாளில் ஓட்ட முடியும் என்பதற்காகத்தான் சொந்த வண்டியே வைத்திருக்கிறேன்.

ஈரத்தில் ஓட்டினால் என்ன ஆகும்? மேலே பார்க்க அழகாக இருக்கும். கீழே நாலைந்து அங்குலத்தில் பிளேடின் அடிப்பாகம் மண்ணைப் பூசி மெழுகிவிடும். மழைத்தண்ணீர் அதற்குக் கீழே இறங்காது.

லோ முதல் கியர், பி.டி.ஓ. நிமிடத்துக்கு 540 சுற்றில். சில வண்டிகளில் இன்னொரு வேகமும் இருக்கும், அதைத் தொடாதீர்கள். மணிக்கு இரண்டரை கிலோமீட்டர் போதும். பி.டி.ஓ.வைப் போட்டு, சுற்ற விட்டு, வண்டி நகரும்போதே மெதுவாக இறக்குங்கள். நாலடியில் ஓர் ஏக்கருக்கு ஏறக்குறைய இரண்டு மணி நேரம். பின்பலகையை இறக்கினால் மண் நைசாகும், தூக்கினால் கட்டி நிற்கும். ஒருமுறை எனக்குப் பதிலாக ஓட்ட வந்த தம்பி, "மாவாட்டம் ஆக்கினாத்தானுங்க்கா நல்ல உழவு" என்று மூன்று சால் ஓட்டினான். அடுத்த மழைக்கு அந்த மண் தோசைக்கல் மாதிரி இறுகி, பசுந்தாள் உரத்துக்காக விதைத்த சணப்பு பாதிகூட முளைக்கவில்லை. கோலிக்குண்டு அளவுக் கட்டி இருக்கட்டும். அது மழையைத் தாங்கும்.

ரோட்டவேட்டரின் உண்மையான பயன் எனக்குச் சணப்பு, தக்கைப்பூண்டு மாதிரிப் பசுந்தாள் பயிர்களை மண்ணிலேயே மடக்கி உழுவதில்தான். பூக்கும் தறுவாயில், நாற்பத்தைந்து நாளில், பலகையைத் தூக்கி வைத்து மேலாக ஒரு சால். இரண்டு நாள் வாடவிட்டு, குறுக்கே இன்னொரு சால். அவ்வளவுதான். மரத்தைச் சுற்றி ஆறடி வட்டத்துக்குள் நான் போவதே இல்லை. வேரில் பெரும்பகுதி அங்கேதான் இருக்கிறது. அடிமரத்தில் காயம் பட்டால் சிவப்புக் கூன்வண்டு தேடி வரும்.

இறக்குவதற்கு முன் தோப்பை ஒருமுறை நடந்து பாருங்கள். மட்டை, கயிறு, முக்கியமாகச் சொட்டுநீர்க் குழாய் (லேட்டரல்). போன வருடம் ஒரு துண்டுக் கறுப்புக் குழாய் சுற்றிக்கொண்டது. சத்தமே வரவில்லை. மாலையில் கழுவும்போது பார்த்தால் இடது பேரிங் பக்கம் இறுக்கிச் சுற்றி, ஆயில் சீலை அறுத்திருந்தது. விரலால் தொட்டால் சேறும் ஆயிலும் கலந்து ஒட்டியது. அன்றிலிருந்து ஒவ்வொரு இடைவேளையிலும் இரண்டு முனைகளையும் பார்க்கிறேன். எதையாவது எடுக்க வேண்டுமென்றால் பி.டி.ஓ.வை நிறுத்தி, ரோட்டவேட்டரைத் தரையில் இறக்கி, என்ஜினை அணைத்து, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டுதான் குனிய வேண்டும். புடவைத் தலைப்பு, துண்டு, வேட்டி நுனி எதுவும் ஷாஃப்ட் பக்கம் போகக் கூடாது. நான் சுடிதாரின் மேல் ஒரு முழுக்கைச் சட்டை போட்டுக்கொள்கிறேன், துப்பட்டா வீட்டில். பிள்ளைகளை மட்கார்டில் உட்கார வைத்து ஓட்டவே ஓட்டாதீர்கள். திருப்பத்தில் தூக்கும்போது ஷாஃப்ட் கடகடவென்று அடித்தால் அளவுக்கு மீறித் தூக்கிவிட்டீர்கள். பி.டி.ஓ.வை நிறுத்திவிட்டுத் தூக்குங்கள்.

மானியத்தையும் விட்டுவிடாதீர்கள். வேளாண்மைப் பொறியியல் துறையில் சிறு, குறு விவசாயிகளுக்கும் பெண்களுக்கும் ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கும் மற்றவர்களை விடக் கூடுதல் சதவீதத்தில், உச்சவரம்போடு தருகிறார்கள். உழவன் செயலியில் பதிந்து, அனுமதி வந்த பிறகே பணம் கட்டுங்கள். நிலம் உங்கள் பெயரில் இருந்தால் அக்கா, தங்கை யாராக இருந்தாலும் நீங்களே விண்ணப்பியுங்கள்.

இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை, கோடையில் மண் காய்ந்திருக்கும்போது, ரோட்டவேட்டரைக் கழற்றி வைத்துவிட்டு உளிக்கலப்பையை வாடகைக்கு எடுத்து அடியில் இறுகியதை உடைக்கிறேன். அதற்குப் பெரிய டிராக்டர்தான் வேண்டும், மினி இழுக்காது. அந்த நாட்களில் ரோட்டவேட்டர் கொட்டகையில் இரண்டு பலகை மேல் நிற்கும். கழுவி, கியர் ஆயில் அளவு பார்த்து, பாதிக்கு மேல் தேய்ந்த பிளேடுகளை மாற்றி, மிச்ச பிளேடுகளில் பழைய ஆயிலைத் துணியால் தடவி வைத்திருப்பேன். ஷாஃப்டைத் தரையில் போடாமல் ஆணியில் மாட்டிவிடுங்கள், இல்லையென்றால் குழாய்க்குள் மண் போய் அடுத்த முறை நகராது.