ஜெர்மனியில் ஸ்ட்ரோக் வந்தால் ரெஹாவைக் கேட்டு வாங்குங்கள்

ரெஹா என்பது ஆஸ்பத்திரி சிகிச்சைக்குப் பிறகு நடக்கவும் பேசவும் மறுபடி பழக்கும் மறுவாழ்வுச் சிகிச்சை. அதற்கு வருமுன் தெரிந்த விஷயத்தை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். வாய் கோணுகிறது, ஒரு கை தூக்க வரவில்லை, பேச்சு குழறுகிறது என்றால் உடனே 112. நீங்களே காரில் ஏற்றிக்கொண்டு அலையாதீர்கள். ‘ஸ்ட்ரோக் யூனிட்’ உள்ள ஆஸ்பத்திரி எது என்று ஆம்புலன்ஸ்காரர்களுக்குத் தெரியும். கடைசியாக எத்தனை மணி வரை நன்றாக இருந்தார் என்பதை மறக்காமல் சொல்லுங்கள். மூளையில் அடைத்த ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை வழக்கமாக நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். முன்பணம் கட்டு என்று வாசலில் யாரும் நிறுத்த மாட்டார்கள், இன்ஷூரன்ஸ் கார்டு போதும். நோயாளியால் முடிவெடுக்க முடியாத நிலையில், சிகிச்சை விஷயங்களில் ஆறு மாதம் வரை கணவனோ மனைவியோ அவருக்காக முடிவெடுக்கலாம்; 2023 ஜனவரியிலிருந்து சட்டமே அப்படி இருக்கிறது.

இதுவரை பெரும்பாலும் தானாக நடக்கும். நம்மவர்கள் இடறுவது இதற்கு அடுத்த படியில்.

சில நாளில் ஆஸ்பத்திரியின் ‘சோசியால்டீன்ஸ்ட்’, அதாவது டிஸ்சார்ஜுக்குப் பிந்தைய ஏற்பாடுகளைக் கவனிக்கும் சமூக உதவிப் பிரிவிலிருந்து ஒருவர் கட்டிலருகே வருவார். ஸ்டுட்கார்ட் பக்கம் இருக்கும் என் நண்பர் வீட்டுக்கும் அப்படித்தான் ஒருவர் வந்தார். நண்பரின் மனைவிக்கு நாற்பது வயதுகூட ஆகவில்லை. இடது கையும் காலும் விழுந்துவிட்டன. “வீட்டில் பார்த்துக்கொள்ள ஆள் உண்டா?” என்று கேட்டிருக்கிறார்கள். நண்பர், “இருக்கிறார்கள், திருச்சியிலிருந்து மாமியார் வருகிறார், நாங்களே பார்த்துக்கொள்வோம்” என்றார். பெண்டாட்டியை முடியாத நேரத்தில் வேறெங்கோ கொண்டுபோய் விடுவதா என்ற வைராக்கியம் அவருக்கு. அந்தப் பதில் அப்படியே கோப்பில் ஏறியது. ரெஹா விண்ணப்பம் போகவில்லை. அடுத்த வாரம் டிஸ்சார்ஜ். மொழிபெயர்க்க ஓர் ஆள் வைக்காமல், அரைகுறை ஜெர்மன் தெரிந்தவரிடம் இவ்வளவு பெரிய கேள்வியைக் கேட்டு, அவர் சொன்னதை மறுப்பாக எழுதிக்கொண்ட அந்த ஆஸ்பத்திரி மேல் எனக்கு இன்னும் கோபம் ஆறவில்லை.

ரெஹா என்பதை முதியோர் இல்லம் மாதிரி நினைத்துக்கொள்கிறோம். அங்கேயே தங்கி, பெரும்பாலும் மூன்று வாரம், காலையிலிருந்து மாலை வரை அட்டவணை போட்டுப் பயிற்சி கொடுக்கும் ஆஸ்பத்திரி அது. நடக்க பிசியோதெரபி, சட்டைப் பொத்தான் போட, காய் நறுக்க எர்கோதெரபி, பேச்சுக்கு லோகோபெடி. முன்னேற்றம் தெரிந்தால் டாக்டர்களே நீட்டிப்பு கேட்பார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து நேராகப் போகும் இதற்கு ‘அன்ஷ்லுஸ்ரெஹா’ என்று பெயர். பொதுவாக டிஸ்சார்ஜ் ஆன 14 நாளுக்குள் தொடங்க வேண்டும், விண்ணப்பத்தை ஆஸ்பத்திரியில் இருக்கும்போதே அவர்கள் வழியாகப் போட வேண்டும். இன்ஷூரன்ஸ் கொடுக்கிறது என்றால் நம் பங்கு நாளுக்கு 10 யூரோ, வருடத்துக்கு அதிகபட்சம் 28 நாள். ஆஸ்பத்திரியில் கட்டிய நாட்களும் அதில் கழியும். எந்த கிளினிக் என்று விருப்பம் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. வீட்டுக்குப் பக்கத்தில் கேளுங்கள், தினமும் ரசம் சாதம் கொண்டுபோகலாம்.

நம்மூரில் பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கே வருவார், எண்ணெய் தேய்த்துவிட ஆள் கிடைக்கும், அக்கம்பக்கம் மாறி மாறி உட்காரும். இங்கே டாக்டர் சீட்டு வாங்கி, பிசியோ நிலையத்தில் இடம் கிடைக்கக் காத்திருந்து, வாரத்துக்கு இரண்டு முறை அரை மணி நேரம்கூடக் கிடைக்காது. மூளை வேகமாக மீள்வது முதல் சில மாதங்களில்தான்.

திருச்சி அம்மா வந்தார். மகளுக்கு ஊட்டிவிட்டார், தலை வாரினார், டம்ளரைக்கூடத் தூக்கவிடவில்லை. அந்த இடது கைக்கு வேலையே இல்லாமல் போனது. எழுப்பி உட்கார வைக்கும்போது அதே கையைப் பிடித்துத்தான் இழுப்பார். தளர்ந்த கையை அப்படி இழுக்கவே கூடாது, தோள்மூட்டு நழுவும். இப்போது நடை பரவாயில்லை, தோள்வலிதான் அவளைத் தூங்கவிடுவதில்லை. எப்படித் தூக்குவது, எந்தப் பக்கம் நின்று பேசுவது என்று குடும்பத்துக்கும் சொல்லிக்கொடுப்பது ரெஹாவில் ஒரு பகுதி. அந்த அம்மாவை நான் குறை சொல்ல மாட்டேன். தெரிந்த அன்பையெல்லாம் கொட்டினார். விசா 90 நாள், முடிந்ததும் அழுதுகொண்டே விமானம் ஏறினார்.

பிறகு குடும்ப டாக்டர் மூலம் விண்ணப்பித்தால், “வெளிநோயாளி சிகிச்சையே போதும்” என்று மறுப்புக் கடிதம் வந்தது. இங்கே மறுப்பு வந்தால் முடிந்தது என்று உட்காராதீர்கள். கடிதம் கிடைத்த ஒரு மாதத்துக்குள் ‘வீடர்ஷ்ப்ருக்’, அதாவது ஆட்சேபம், எழுத்தில் போடலாம். முதலில் ஒரு வரி அனுப்பித் தேதியைக் காப்பாற்றிக்கொண்டு, டாக்டரின் விளக்கத்தைப் பின்னால் அனுப்பலாம். எங்களுக்கு அதில்தான் கிடைத்தது. ஆனால் அந்த முதல் மாதங்கள் போனது போனதுதான்.

சின்னப் பிள்ளை இருக்கிறதே என்று அம்மாக்கள் ரெஹா வேண்டாம் என்கிறார்கள். பன்னிரண்டு வயதுக்குக் கீழே குழந்தை இருந்து, பார்த்துக்கொள்ள வீட்டில் வேறு ஆள் இல்லையென்றால் ‘ஹவுஸ்ஹால்ட்ஸ்ஹில்ஃபெ’ என்று வீட்டு உதவிக்கு இன்ஷூரன்ஸில் கேட்கலாம். வேலைக்குப் போகிறவருக்கு ஸ்ட்ரோக் என்றால் பதறி ராஜினாமா செய்ய வேண்டாம். பொதுவாக ஆறு வாரம் கம்பெனி சம்பளம், அதன்பின் பொதுக் காப்பீட்டிலிருந்து நோய்க்காலப் பணம் வரும். டாக்டர் சான்றிதழில் ஒருநாள்கூட இடைவெளி விழாமல் பாருங்கள்.

புதிதாக வந்தவர்களுக்கு இன்னொன்று. வீட்டுப் பராமரிப்புக்கான ‘ஃப்ளேகெக்ராட்’ உதவியை வாங்க, கடந்த பத்து வருடத்தில் இரண்டு வருடமாவது பராமரிப்புக் காப்பீட்டில் இருந்திருக்க வேண்டும். வந்து ஒன்றரை வருடம்தான் ஆகிறதென்றால் அந்தக் கதவு திறக்காது. உங்களுக்கு ரெஹா இன்னும் முக்கியம்.

பேச்சு போயிருந்தால் தாய்மொழி தமிழ் என்று முதல் நாளே எழுதச் சொல்லுங்கள். ஜெர்மனில் பதில் வராததை வைத்து மட்டும் பேச்சு எவ்வளவு போயிருக்கிறது என்று கணக்குப் போட்டுவிடக் கூடாது. சோசியால்டீன்ஸ்ட் வரும் நேரத்தை நர்ஸிடம் முன்கூட்டிக் கேட்டு, நல்ல ஜெர்மன் தெரிந்த ஒருவரை உடன் வைத்துக்கொள்ளுங்கள். யாரும் இல்லையென்றால் ஈழத்து அண்ணன் அக்காமாரைக் கேளுங்கள். எண்பதுகளில் வந்து, இந்தப் படிவங்களோடு மல்லுக்கட்டியே இங்கு வாழ்ந்தவர்கள். ஹம் நகரத்துக் காமாட்சி அம்மன் கோயில் திருவிழாவுக்குப் போனால் இங்கேயே படித்து வளர்ந்த அவர்கள் பிள்ளைகளையும் பார்க்கலாம். நண்பரின் ஆட்சேபக் கடிதத்தை எழுதிக்கொடுத்தது அப்படி ஒரு தங்கைதான். கூச்சப்படாமல் கேளுங்கள், வருவார்கள்.