இலவசத் தொழிற்பயிற்சியில் சேரும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பத்தாவதோ பன்னிரண்டாவதோ முடித்துவிட்டு, மேலே படிக்க வசதியில்லாமல் நிற்கும் பிள்ளைகளுக்கு இன்று இலவசப் பயிற்சிக்குக் குறைவில்லை. கிராமப்புற ஏழை இளைஞர்களுக்காக 2014-ல் தொடங்கிய தீன்தயாள் உபாத்யாய கிராமின் கௌசல்ய யோஜனா, 2022-ல் வந்த தமிழக அரசின் நான் முதல்வன், சொந்தத் தொழில் கற்றுத்தர வங்கிகள் நடத்தும் ஆர்செட்டி மையங்கள், அரசு ஐடிஐ என்று பல வழிகள் இருக்கின்றன. இருந்தும் சேலத்திலும் சேர்வராயன் மலையிலும், பயிற்சி முடித்து வேலைக்குப் போன பிள்ளைகள் இரண்டே மாதத்தில் வீடு திரும்புவது வழக்கமாகிவிட்டது. ‘பசங்களுக்குப் பொறுப்பில்லை’ என்று சொல்லிவிடுகிறார்கள். அதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். பெரும்பாலும் சேரும்போதே கேட்க வேண்டியதைக் கேட்காமல் விட்டதுதான் காரணம்.

என்ன கோர்ஸ், எத்தனை மாதம், சாப்பாடு உண்டா, ஹாஸ்டல் உண்டா என்று விசாரிக்கிறோம். போன பேட்ச் பிள்ளைகள் இப்போது எங்கே வேலை செய்கிறார்கள் என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. தீன்தயாள் திட்டத்தில் பயிற்சி பெற்றவர்களில் 70 சதவீதம் பேருக்காவது வேலை வாங்கித் தர வேண்டும் என்பது மையங்களுக்கான நிபந்தனை. அப்படியானால் யார் எந்தக் கம்பெனியில் சேர்ந்தார்கள் என்ற கணக்கு அவர்களிடம் இருந்தாக வேண்டும். முன்பு படித்த இரண்டு பேரிடம் பேச வேண்டும் என்று கேளுங்கள். அதற்கே தயங்கும் மையத்தில் பிள்ளையைச் சேர்க்காதீர்கள்.

அடுத்தது சம்பளம். அதிகம் பேர் ஏமாறுவது இங்கேதான். ஏற்காட்டில் நாகலூர்ப் பக்கம் ஒரு அம்மா, மகளின் முதல் மாதச் சம்பளச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு, “பதினாலாயிரம்னு சொன்னாங்களே, பாக்கி எங்கங்க?” என்று கேட்டார். யாரும் பொய் சொல்லவில்லை, விளக்கிச் சொல்லவும் இல்லை. 14,000 ரூபாய் சம்பளம் என்றால், முழுத் தொகைக்கும் பி.எஃப். பிடிப்பதாக வைத்துக்கொண்டால் 12 சதவீதம், அதாவது 1,680 ரூபாய் போகும். மருத்துவக் காப்பீடான இ.எஸ்.ஐ.க்கு 0.75 சதவீதம், 105 ரூபாய். மிச்சம் 12,215. ஓசூரிலோ திருப்பூரிலோ தங்க, சாப்பிட 4,000 ஆகிறது என்று வையுங்கள், 8,215 நிற்கும். பஸ், செல்போன் ரீசார்ஜ், சோப்பு, மருந்து எல்லாம் போக வீட்டுக்கு அனுப்ப ஏழாயிரம் தேறினால் பெரிது. பி.எஃப். பணம் வீணாகப் போவதில்லை, அது பிள்ளையின் சேமிப்பு. ஆனால் பதினாலாயிரத்தை நம்பிக் கடன் தவணைக்கு வாக்குக் கொடுத்துவிட்ட வீட்டில் அந்தச் சமாதானம் எடுபடாது. அதனால் பிடித்தம் போகக் கைக்கு எவ்வளவு வரும் என்று சேரும்போதே கேட்டு, ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

இதோடு ஒட்டிய இன்னொரு விஷயம். மாதம் முதல் தேதியில் வேலைக்குச் சேர்ந்தாலும், சம்பளம் வருவது அடுத்த மாதம் ஏழாம் தேதியிலோ பத்தாம் தேதியிலோதான். ஐந்து வாரத்துக்கு மேல் கையில் காசு வேண்டும். ஐந்நூறு ரூபாயோடு பஸ் ஏறிய பிள்ளை எப்படித் தாக்குப்பிடிக்கும்? தீன்தயாள் திட்ட வழிகாட்டியிலேயே, வேலையில் சேர்ந்தபின் மாதம் 1,000 ரூபாய் உதவித்தொகை சொல்லப்பட்டிருக்கிறது: சொந்த மாவட்டத்தில் வேலை என்றால் 2 மாதம், மாநிலத்துக்குள் என்றால் 3, வெளிமாநிலம் என்றால் 6. உங்கள் பேட்சுக்கு அது உண்டா, எந்தத் தேதியில் வரும் என்று மையத்திடம் கேளுங்கள். கேட்காமல் விட்டே பலர் இழக்கிறார்கள்.

பெண் பிள்ளை என்றால் தையல் என்று கண்ணை மூடிக்கொண்டு சேர்ப்பதும் தவறுதான். வீட்டில் கால்மிஷினில் நிதானமாகத் தைத்துப் பழகிய பெண்ணைக் கம்பெனியில் பவர் மிஷின் முன் உட்கார வைத்தால், பெடலை லேசாகத் தொட்டதுமே துணி கையை விட்டு ஓடுகிறது. பக்கத்து மிஷின்காரர் ஒரே மடிப்பை நாள் முழுக்கத் தைத்துத் தள்ளுவார். முழு ரவிக்கை தைக்கத் தெரிந்ததெல்லாம் அங்கே கணக்கில்லை. கம்பெனிகளில் ஓடும் ஓவர்லாக், பிளாட்லாக் மாதிரியான தையல் மிஷின்கள் மையத்தில் இருக்கின்றனவா என்று முதல் நாளே போய்ப் பாருங்கள். முடிந்தால் வேலை நடக்கும் இடத்தையும், பிள்ளை தங்கப்போகும் ஹாஸ்டலையும் அப்பாவோ அம்மாவோ ஒருமுறை நேரில் பார்த்துவிட வேண்டும். பார்த்துவிட்டு வந்த பெற்றோர், ‘திரும்பி வந்துடு’ என்று போனில் சொல்வது குறைவு.

பயிற்சி நடத்துபவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். ஏற்காட்டில் நவம்பர் முதல் ஜனவரி வரை காப்பிப் பழம் பறிக்கும் காலம், அதையொட்டி மிளகு. குடும்பமே எஸ்டேட்டில் கூலிக்குப் போகும் அந்த மாதங்களில் பேட்ச் தொடங்கிவிட்டு, வருகை குறைகிறது என்று புலம்புவதில் நியாயமில்லை. மாரமங்கலம், செம்மநத்தம் பக்கமிருந்து வரும் பிள்ளைக்குப் பேருந்தே எண்ணித்தான் ஓடுகிறது. காலை ஒன்பது மணி வகுப்பு என்றால் தங்குமிடம் தந்தாக வேண்டும்.

காகித வேலைகளைக் கடைசி வாரத்துக்கு ஒத்திப்போடாதீர்கள். ஆதாரில் இனிஷியல் ஒரு மாதிரி, மதிப்பெண் சான்றிதழில் வேறு மாதிரி இருந்தால் சேர்க்கையிலிருந்து சம்பளக் கணக்கு வரை இடிக்கும். சேர்வராயன் மலையில் வாழும் மலையாளிப் பழங்குடிப் பிள்ளைகளுக்குச் சாதிச் சான்றிதழ் கோட்டாட்சியர் அலுவலகத்திலிருந்து வர வேண்டும். அதற்கு நாள் பிடிக்கும். அசல் சான்றிதழ்களை யாரிடமும் விட்டுவைக்காதீர்கள். காட்டுங்கள், ஜெராக்ஸ் கொடுங்கள், கையோடு திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள்.

ஒன்றிரண்டு வருடம் பொறுக்க முடிகிற வீடு என்றால், மூன்று மாதச் சான்றிதழைவிட ஐடிஐதான் என் தேர்வு. சேலத்திலும் கருமந்துறையிலும் அரசு ஐடிஐ இருக்கிறது. மாதம் 750 ரூபாய் உதவித்தொகை உண்டு. அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குப் புதுமைப்பெண் அல்லது தமிழ்ப்புதல்வன் வழியாக இன்னொரு 1,000. முடித்தபின் அப்ரெண்டிஸ் பயிற்சியும் எடுத்தால் ரயில்வே, உருக்காலை போன்ற இடங்களுக்கு விண்ணப்பிக்கலாம். மூன்று மாதப் பயிற்சி அந்தக் கதவுகளைத் திறக்காது.

சொந்தத் தொழில் செய்ய நினைப்பவர்கள் ஆர்செட்டிக்குப் போகலாம். தங்குமிடமும் சாப்பாடும் இலவசம், முடித்தபின் இரண்டு வருடம் வழிகாட்டுவார்கள், வங்கிக் கடனுக்கும் உதவுவார்கள். ஆனால் வாங்க ஆள் இருக்கிறதா என்று ஊரில் விசாரித்துவிட்டுத் தொழிலைத் தேர்ந்தெடுங்கள். ஒரே தெருவில் நாலாவது பியூட்டி பார்லருக்கு யார் வருவார்கள்?

இந்த இலவசத் திட்டங்களில் பதிவுக் கட்டணம், சீருடைக் கட்டணம், வேலை வாங்கித்தரக் கமிஷன் என்று யாராவது கேட்டால் கொடுக்காதீர்கள். கேட்டவர் பெயர், மையத்தின் பெயர், தேதி மூன்றையும் எழுதி எடுத்துக்கொண்டு, மாவட்ட மகளிர் திட்ட அலுவலகத்திலோ திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸில் நடக்கும் குறைதீர் நாளிலோ மனுவாகக் கொடுத்து, ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.