காய் விட்டவர்கள் தாமாகப் பழம் விட: ஒரு ஐந்தாம் வகுப்பு டீச்சரின் குறிப்புகள்

"மிஸ், இவன் என்னை அடிச்சிட்டான் மிஸ்."

"இல்ல மிஸ், அவன்தான் மொதல்ல."

இதைக் கேட்காமல் எங்கள் பள்ளியில் ஒரு சத்துணவு நேரம் முடிந்ததில்லை. ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் பத்தொன்பது வருடமாக ஐந்தாம் வகுப்பு எடுக்கிறேன். அதில் முதல் பத்து வருடம் நான்தான் நாட்டாமை. ஒரு நிமிடத்தில் தீர்ப்பு, ரெண்டு பேரும் சாரி, உட்காரு, கணக்கு நோட்டை எடு. சாயங்காலம் மிச்சச் சண்டை குளத்தங்கரையில் நடக்கும். அது எனக்குத் தெரியாது, அதனால் தீர்ந்துவிட்டது என்று நினைத்துக்கொள்வேன்.

ஒரு வருடம் ஜியாமெட்ரி பாக்ஸ் ஒன்று காணாமல் போனது. எல்லோரும் கை காட்டிய பையனை வகுப்பு முன்னால் நிறுத்திச் சாரி சொல்ல வைத்தேன். மூன்றாம் நாள் அந்தப் பாக்ஸ், பறிகொடுத்தவளுடைய தங்கச்சி பையிலேயே கிடைத்தது. பையன் இரண்டு நாளாகப் பள்ளிக்கு வரவில்லை. வீட்டுக்குப் போனேன். அவன் அம்மா "பரவால்ல டீச்சர்" என்று டீ கொடுத்தார். அவன் என்னைப் பார்க்காமல் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தான். 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆவது பிரிவு அடிப்பதை மட்டுமல்ல, பிள்ளையை மன உளைச்சலுக்கு ஆளாக்குவதையும் தடுக்கிறது என்று பயிற்சியில் கேட்டிருந்தேன். அந்தத் திண்ணையில்தான் அது புரிந்தது.

ஆக, முதலில் விடவேண்டியது "யார் மொதல்ல ஆரம்பிச்சது?" என்ற கேள்வியை. அதைக் கேட்டால் நன்றாகப் பேசத் தெரிந்தவன் ஜெயிப்பான், அவ்வளவுதான். "என்ன நடந்துச்சு?" என்று மட்டும் கேளுங்கள். அதையும் உடனே கேட்காதீர்கள். மூச்சு வாங்கிக்கொண்டு நிற்கும் பிள்ளைக்குக் காது கேட்காது. எங்கள் குழாய் வேப்பமரத்தடியில் இருக்கிறது. போய்த் தண்ணீர் குடித்து, முகம் கழுவிவிட்டு வரச் சொல்வேன். ஒருவர் பின் ஒருவராக. ஒருமுறை இருவரையும் சேர்த்து அனுப்பினேன், குழாயடியிலேயே அடுத்த ரவுண்டு நடந்தது.

பிறகு வராந்தாவில் எதிரெதிராக இல்லாமல் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வையுங்கள். நீங்களும் தரையில் உட்காருங்கள். நாற்காலியில் இருந்தால் இருவரும் உங்களிடம்தான் பேசுவார்கள். எங்களிடம் ஒரு சாக்பீஸ் டப்பா இருக்கிறது, அது யார் கையில் இருக்கிறதோ அவர்தான் பேசலாம். அவர் முடித்ததும் டப்பா மற்றவர் கைக்குப் போகும். அவர் தன் கதையைத் தொடங்குமுன், இவர் சொன்னதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். சொன்னவர் "ஆமா, அதான் சொன்னேன்" என்று ஒத்துக்கொள்ளும்வரை விடக்கூடாது. இந்த ஒன்றுக்கே பாதி நேரம் போய்விடும், போகட்டும். "இவன் காது குத்துல அவங்க மாமா வாங்கிக்குடுத்த பேனாவாம் மிஸ், எனக்குத் தெரியாது" என்று ஒருவன் சொன்னபோது, அதற்கு மேல் அங்கே எனக்கு வேலை இருக்கவில்லை.

பயிற்சிக் கையேட்டில் ஒரு வாக்கியம் கொடுத்திருந்தார்கள்: "நீ இவ்வாறு செய்யும்போது நான் வருத்தமாக உணர்கிறேன்." பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். யார் வீட்டில் அப்படிப் பேசுகிறார்கள்? நாங்கள் அதை "நீ கேக்காம எடுத்தப்ப எனக்கு மூஞ்சி சுண்டிப்போச்சு. இனிமே கேட்டு எடு" என்று மாற்றிக்கொண்டோம். நடந்தது என்ன, எனக்கு எப்படி இருந்தது, இனி என்ன வேண்டும். இந்த மூன்றும் இருந்தால் போதும். "நீ எப்பவுமே இப்படித்தான்" என்று ஆரம்பித்தால் டப்பா கைமாறிவிடும்.

எப்படி இருந்தது என்று சொல்ல வார்த்தை வேண்டுமே. கேட்டால் எல்லாவற்றுக்கும் "கோவம்" அல்லது "ஒரு மாதிரி இருக்கு" என்பார்கள். திங்கள்கிழமைதோறும் பத்து நிமிடம் ஒரே ஒரு சொல்லை எடுத்துப் பேசுகிறோம்: ஏமாற்றம், கூச்சம், பொறாமை, ஏக்கம், அவமானம். பொறாமைக்கு மட்டும் யாரும் வாய் திறக்கவில்லை. நானே என் அக்காவின் தங்க வளையல் கதையைச் சொன்ன பிறகுதான் கைகள் உயர்ந்தன.

அடுத்து வழி கண்டுபிடிப்பது. எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. விதி ஒன்றுதான்: குறைந்தது மூன்று வழியாவது சொல்ல வேண்டும், கிறுக்குத்தனமானதும் செல்லும். எங்கள் வகுப்பில் இரண்டு ஃபேன். ஏப்ரலில் அதற்குக் கீழே உள்ள இடத்துக்காக இரண்டு பெண்கள் முடியைப் பிடித்துக்கொண்டார்கள். தினம் ஒருத்தி என்றார்கள். நாளைக்கு லீவு போட்டால் என்ன ஆகும் என்று கேட்டேன். வாரம் ஒருத்தி. "அப்புறம் என்ன ஆகும்?" அடுத்த வாரக்காரி வேர்த்தே செத்துப்போவாள். மிஸ் ஃபேனை எங்களுக்குக் குடுங்க என்றும் ஒரு யோசனை வந்தது. கடைசியில், பெஞ்சுகளை வரிசையாகப் போடாமல் ஃபேனைச் சுற்றி வட்டமாகப் போடலாமே என்றாள் ஒருத்தி. எனக்கு அது தோன்றவே இல்லை. பல வழி யோசிக்கவும், ஒவ்வொன்றின் பின்விளைவை யோசிக்கவும் நான்கு வயதுக் குழந்தைகளையே பழக்கலாம் என்று மிர்னா ஷூர், ஜார்ஜ் ஸ்பிவாக் என்ற உளவியலாளர்கள் 1970களில் பிலடெல்பியாவில் செய்து காட்டினார்கள். நம் பத்து வயதுப் பிள்ளைகளால் முடியாதா?

முடிவைப் பிள்ளையே ஒரு துண்டுத் தாளில் எழுதட்டும். மூன்றாம் நாள் "ஓடுதா?" என்று கேளுங்கள். ஓடவில்லை என்றால் மறுபடி டப்பா. ஆனால் கை குலுக்கு, பழம் விடு என்று மட்டும் அவசரப்படுத்தாதீர்கள். காய் விடுவதும் பழம் விடுவதும் அவர்கள் சொத்து. பெல் அடித்து அரை மணி நேரத்தில் இரண்டு விரல்கள் தாமாக நீளும், நாம் பார்க்காதபோது.

இதையெல்லாம் சண்டை நடக்கும்போது முதன்முறையாகச் சொல்லிக்கொடுக்க முடியாது. வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடில் நாடகமாகப் போடுகிறோம். பட்டப்பெயர் வைப்பவன் ஒரு தடவை பட்டப்பெயர் வாங்குபவனாக நடிக்க வேண்டும்.

ஏழாம் வகுப்பில் ஆறு பேரை இந்த வேலைக்குப் பழக்கியிருக்கிறோம். "பஞ்சாயத்து" என்று பேர் வைக்கக் கேட்டார்கள், மறுத்துவிட்டேன். பஞ்சாயத்து என்றால் தீர்ப்பும் அபராதமும் வந்துவிடும். இப்போது "பழம் டீம்". நல்ல பிள்ளைகளை மட்டும் எடுக்காதீர்கள், வாரம் நாலு சண்டை போடுகிறவன்தான் எங்கள் டீமில் கெட்டிக்காரன்.

இப்போது முக்கியமான ஒன்று. எல்லாம் சண்டை அல்ல. இருவரும் ஏறக்குறைய சம பலம் என்றால்தான் டப்பா வேலை செய்யும். ஒருவனை நாலு பேர் தினம் சீண்டுவது தொல்லை. அங்கே இரு தரப்பையும் சேர்த்து உட்கார வைப்பதே அடிபட்டவனுக்கு இன்னொரு அடி. அவனைத் தனியாகக் கேளுங்கள், நிறுத்துவது பெரியவர்கள் பொறுப்பு. சாதியைச் சொல்லித் திட்டினாலும் அப்படித்தான். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு பிளஸ் டூ மாணவனையும் தங்கையையும் உடன் படித்தவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். அதன்பின் அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, சாதியைக் காட்டக் கையில் கட்டும் வண்ணக் கயிறுகள்வரை பார்த்து, 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. அந்தப் பகை ஒரு நாளில் முளைத்ததாக எந்த ஆசிரியரும் நினைக்கமாட்டார். தகாத தொடுதல் என்று காதில் விழுந்தால் சமாதானப் பேச்சே கூடாது. போக்சோ சட்டப்படி தெரிவித்தாக வேண்டும், மறைத்தால் நமக்கும் தண்டனை உண்டு. குழந்தைகள் உதவி எண் 1098, பள்ளிக் கல்வித் துறை உதவி எண் 14417 இரண்டையும் கரும்பலகை ஓரத்தில் அழியாமல் எழுதி வையுங்கள்.

"அடிச்சா திருப்பி அடிடான்னுதான் நான் சொல்லியிருக்கேன் டீச்சர்" என்று அப்பாக்கள் வருவார்கள். வாதாடாதீர்கள். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் பழம் டீமைப் பத்து நிமிடம் நடித்துக் காட்டச் சொன்னேன். வரப்புத் தகராறில் மூன்று வருடமாகப் பேசாத இரண்டு பேர் அன்று ஒரே பெஞ்சில் இருந்தார்கள். பேசிக்கொள்ளவில்லை. ஆனால் எழுந்தும் போகவில்லை.

நாளைக்கே ஆரம்பிப்பதானால் ரப்பர், பென்சில் சண்டையாகப் பார்த்து எடுங்கள். சாக்பீஸ் டப்பாவைக் காலி செய்துவிட்டுக் கொடுங்கள். நான் முதல் நாள் மறந்துவிட்டேன். எறிந்துகொண்டார்கள்.