சைக்கிள் பாகம் வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஞாயிறு விடியலில் தருமபுரியிலிருந்து ஒகேனக்கல்லுக்குச் சைக்கிளில் கிளம்பும் எங்கள் கூட்டத்தில் புதிதாக ஐந்தாறு பேர் சேர்ந்திருக்கிறார்கள். பஞ்சர் ஒட்டுவதெல்லாம் போகப் போக அவர்களுக்கே பழகிவிடும். ஆனால் அவர்கள் பாகம் வாங்கும் விதத்தைப் பார்த்தால் எனக்கு மனம் பதைக்கிறது. பத்து வருடத்துக்கு முன் நானும் அப்படித்தான் வாங்கினேன்.

அடுத்தவர் வண்டியைப் பார்த்துக் கியர் வாங்குவது

இரண்டு மாதச் சம்பளத்தைக் கொட்டி, பந்தய வீரர்கள் பூட்டும் கியர் தொகுதியை வாங்கினேன். முன்னால் 53, 39 பல் கொண்ட இரண்டு பல்சக்கரங்கள்; பின்னால் இருப்பவற்றில் பெரியதற்கு 28 பல். ஒகேனக்கல் இறக்கத்தில் வண்டி பறந்தது. அருவியில் குளித்து, மீன் சாப்பிட்டுவிட்டுத் திரும்பும்போது, பென்னாகரம் ஏற்றத்தின் இரண்டாவது வளைவிலேயே முழங்கால் மறுத்துவிட்டது. மீதி மலையை வண்டியைத் தள்ளிக்கொண்டே ஏறினேன்.

39-ஐ 28-ஆல் வகுத்தால் 1.39; பெடல் ஒரு சுற்றுச் சுற்றினால் பின்சக்கரம் அத்தனை சுற்றுச் சுற்றும். பெடல் ஒரு சுற்றுக்கு வண்டி ஏறக்குறைய 2.9 மீட்டர் ஏற வேண்டும். முன்னும் பின்னும் 34 பல் என்றால் 2.1 மீட்டர்தான். பின்னால் 34 போட்டுக்கொள்ளலாம் என்று கடைக்குப் போனால், பின்னால் செயினைப் பல்சக்கரம் மாற்றிப் போடும் என் கியர் மாற்றியின் கை குட்டையானது, அது எட்டாது என்றார்கள். சைக்கிள் பாகம் செய்யும் ஜப்பான் நிறுவனமான ஷிமானோவின் உச்ச வரிசை டியூரா-ஏஸ்; அதன் முந்தைய தலைமுறையான 9100 பின் கியர் மாற்றிக்கு எல்லை 30 பல்தான். அதே நிறுவனத்தின், அதைவிட விலை மிகக் குறைந்த 105-இன் 7000 வரிசையில் நீண்ட கை உள்ளது 34 வரை எடுக்கும். உச்ச வரிசை பந்தயக்காரரின் காலுக்குச் செய்தது. எனக்கு வேண்டியிருந்தது பென்னாகரம் மலைக்கானது.

பாதி விலைக்கு விற்றேன். போன மாதம் ஒரு தம்பி அதே 28-ஐப் பூட்டிக்கொண்டு வந்து, "எல்லாரும் இதைத்தான் போடுகிறார்கள் அண்ணா" என்றபோது கோபமே வந்துவிட்டது. அவன் கடன் வாங்கியிருந்தான்.

பாகத்தை வைத்து ஆளை எடைபோடுவது

எங்களோடு வரும் தச்சர் ஒருவர் சீட்டுக் கட்டி, சீட்டுப் பணம் கைக்கு வந்ததும், எண்ணெய் அழுத்தத்தில் பிடிக்கும் ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக் வாங்கினார். நாளெல்லாம் இழைப்புளி பிடித்த விரல்களால் கம்பி பிரேக்கை மலை முழுக்க அழுத்திப் பிடிக்க அவரால் முடியவில்லை. இதற்கு ஒரு விரல் போதும். "வசதியான ஆள்" என்று புதியவர்கள் முணுமுணுத்தார்கள். கிருஷ்ணகிரியில் மாங்கூழ் ஆலை நடத்தும் நண்பரோ இன்றும் ஷிமானோவின் விலை குறைந்த எட்டு கியர் வரிசையான கிளாரிஸில்தான் வருகிறார். அவருக்கு அது போதுமாக இருக்கிறது. விலை உயர்ந்த பாகத்தைக் கண்டால் எவ்வளவு என்று கேட்காதீர்கள், எதற்காக என்று கேளுங்கள்.

கார்பன் ரிம்

கார்பன் இழையால் ஆன ரிம்மை, ரிம்மையே கவ்வும் பிரேக்கோடு நீண்ட இறக்கத்துக்குக் கொண்டுவராதீர்கள். பிரேக் பிடிக்கும் சூட்டில் ரிம் கெட்டுவிடலாம்.

சீட்

உட்கார்ந்து பார்க்காமல் வாங்காதீர்கள்.

செயின்

புதுச் செயினில் 24 கண்ணி சரியாக 12 அங்குலம். பதினாறில் ஒரு பங்கு அங்குலம் நீண்டால் உடனே மாற்றுங்கள். தள்ளிப்போட்டால் பின்பக்கப் பல்சக்கரங்களையும் சேர்த்துத் தின்றுவிடும்.