ஹாண்டில் ஆடினால் உடனே இறுக்காதீர்கள்

வன்னியில் மோட்டார் சைக்கிள் ஓடுகிறவர்களுக்கு ஹாண்டில் பிரச்சினை புதிதல்ல. ஏ9 வீதியில் சீராக வந்து, மாங்குளத்திலோ பரந்தனிலோ உள்வீதிக்குத் திரும்பினால் கிரவலும் குழியும்தான். குழியில் விழும் ஒவ்வொரு அடியும் ஹாண்டில் தண்டின் மேலும் கீழும் உள்ள பெயாரிங்குகளுக்குத்தான் போகிறது. சிறிய பைக்குகள் பலவற்றில் அது கப், கோன் என்ற இரண்டு வளையங்கள், நடுவில் இரும்புக் குண்டுகள். இந்த முழுச் செற்றையும் சுருக்கமாகக் கோன் என்றே சொல்வார்கள். கூடுதல் அடி வாங்குவது கீழ்ச் செற்.

பிரேக் பிடிக்கும்போது முன்னால் "டொக்" என்று கேட்டால், "கோன் லூஸ், இறுக்கி விடு" என்பதுதான் நான் அதிகம் காணும் தவறு. போர்க் என்பது முன் சில்லைப் பிடித்திருக்கும் இரண்டு குழாய்கள். அதற்குள் இருக்கும் புஷ் என்ற வளையம் தேய்ந்தாலும் அதே சத்தம் வரும். டிஸ்க் பிரேக் பாட் தன் இடத்தில் அசைந்தாலும் அப்படித்தான். பிரேக்கைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டிப் பார்த்தால் இவை எல்லாம் ஒன்றாகவே தெரியும். அதனால் முன் சில்லைத் தரையிலிருந்து தூக்க வேண்டும். சீமெந்துத் தரையில் சென்ரர் ஸ்ராண்ட் போட்டு, எஞ்சினுக்குக் கீழே உறுதியான மரக்கட்டை வையுங்கள். எக்சோஸ்ற் பைப்பில் முட்டுக் கொடுக்க வேண்டாம். பிறகு போர்க்கின் அடிப்பகுதியை இரண்டு கையாலும் பிடித்து முன்னும் பின்னும் தள்ளி இழுங்கள். இன்னொருவர் கழுத்துப் பகுதியில், தண்டும் சட்டமும் சேரும் இடத்தில் விரல் வைத்திருக்கட்டும். அசைவு அங்கே தட்டுப்பட்டால் கோன்தான். இல்லையென்றால் வேறு இடத்தில் தேடுங்கள்.

சில்லைத் தூக்கியிருக்கும்போதே ஹாண்டிலை ஒரு கரையிலிருந்து மறுகரைக்கு மெதுவாகத் திருப்பிப் பாருங்கள். நேராக வரும் இடத்தில் ஒரு பள்ளத்தில் விழுவதுபோல் பிடித்துக்கொண்டால், குண்டுகள் கப்பில் தடம் பதித்துவிட்டன. இதை எந்த இறுக்கமும் சரியாக்காது. நடுவில் சரியாக இருக்கும் வரை இறுக்கினால் திருப்பும்போது இறுகும். திருப்பத்துக்குச் சரியாக்கினால் நடுவில் ஆடும். செற்றை மாற்றத்தான் வேண்டும். அதுவும் மேல், கீழ் இரண்டையும் சேர்த்து. பழைய கப்பில் புதுக் குண்டு போட்டுக் காசு மிச்சம் பிடிப்பது கொஞ்ச நாளுக்குத்தான்.

இறுக்கம் கூடுவதை லூசாக இருப்பதைவிடக் குறைந்த தவறாக நினைக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. பைக் நேராகப் போவதற்கு ஹாண்டில் தானாகவே சின்னச் சின்னதாகத் திரும்பித் திருத்திக்கொள்ள வேண்டும். கோன் இறுகியிருந்தால் அது நடக்காது. மெதுவாகப் போகும்போது பைக் இரண்டு பக்கமும் அலையும். குளக்கட்டுப் பாதையில், பின்னால் நெல்மூட்டையும் இருந்தால், அது விளையாட்டில்லை.

செற் நல்லது, ஆனால் லூஸ் என்றால், முதலில் மேல் நட்டையும், போர்க்கை மேல் பிரிட்ஜில், அதாவது இரண்டு குழாய்களையும் மேலே இணைக்கும் தட்டில், பிடிக்கும் போல்ட்டுகளையும் தளர்த்துங்கள். இவற்றைத் தளர்த்தாமல் அடியிலுள்ள வளைய நட்டைத் திருப்புவது வீண். உளி வைத்துச் சுத்தியலால் அடிப்பது நட்டின் பல்லையும் கெடுக்கும், எவ்வளவு இறுகியது என்ற கணக்கும் தெரியாது. அதற்கென்ற கொக்கி ஸ்பானரால் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்புங்கள். முன்பின் அசைவு போனதும் நிறுத்துங்கள். நடுவில் இருந்து லேசாகத் தட்டிவிட்டால் ஹாண்டில் தன் பாரத்திலேயே இரண்டு கரைக்கும் விழ வேண்டும். கேபிள் எங்காவது இழுத்துப் பிடித்தாலும் விழாது, அதையும் பாருங்கள்.

பலர் இங்கேயே விட்டுவிடுகிறார்கள். மேல் நட்டை இறுக்கும்போது கோனின் இறுக்கமும் மாறும். அதனால் எல்லாவற்றையும் இறுக்கிய பிறகு இன்னொரு முறை சோதிக்க வேண்டும்.

ஹாண்டில் பாரமாக இருந்தால் ஸ்பானரை எடுக்க முன் ரயரில் காற்றைப் பாருங்கள். 100 சிசி பைக்குகள் பலவற்றுக்கு முன்னால் 25 பிஎஸ்ஐ அளவில் இருக்க வேண்டும். மாரியில் வெள்ளம் பாயும் இடங்களைக் கடந்திருந்தாலோ, சேர்விஸில் கழுத்துப் பகுதிக்கு வேகமாகத் தண்ணீர் அடித்திருந்தாலோ, கிறீஸ் கழுவுப்பட்டிருக்கலாம். அப்போது கழற்றித் துடைத்து, புதுக் கிறீஸ் பூச வேண்டும்.

வேலை முடிந்ததும் ஏ9இல் வேகமாக ஓடி, கையை விட்டு ஹாண்டில் நடுங்குகிறதா என்று பார்க்காதீர்கள். ஆளில்லாத வீதியில் மெதுவாக ஓடி, இரண்டு மூன்று தரம் பிரேக் பிடித்துப் பாருங்கள், போதும். புதுச் செற் போட்டிருந்தால் சில நூறு கிலோமீற்றர் ஓடியபின் கொஞ்சம் தளரும். அப்போது மறுபடி முன் சில்லைத் தூக்கிப் பாருங்கள்.